கேள்வி – பதில்

கேள்வி: ஜப்பானின் ‘ஹராகிரி’ படம் (1962) பார்த்தேன். போரில் தோற்ற சாமுராய் ஒருவன் ஈயி பிரபுவின் மாளிகைக்கு வந்து, வயிற்றைக் கிழித்துக்கொள்ள இடம் கேட்கிறான். சொன்ன சொல்லைக் காப்பாற்று என்கிறார்கள். இதில் அவர்கள் மேல் என்ன தப்பு? இயக்குநருக்கு ஏன் இவ்வளவு கோபம்?

பதில்: முதலில் ஒரு திருத்தம். அந்தச் சாமுராயும் அவனைப் போன்றவர்களும் போரில் தோற்றவர்கள் அல்ல. அவர்களுடைய எஜமான் ஃபுகுஷிமா மசனோரி, 1600இல் செகிகஹாராப் போரில், பிறகு ஜப்பானை ஆண்ட டோக்குகவா குடும்பத்தின் பக்கம் நின்று ஜெயித்தவர். வெள்ளத்தில் சேதமான ஹிரோஷிமா கோட்டையை அனுமதி வாங்காமல் பழுதுபார்த்தார் என்று 1619இல் அதே டோக்குகவா அரசு அவர் நிலத்தைப் பறித்தது. அவரை நம்பியிருந்த வீரர்கள் ஒரே உத்தரவில் நடுத்தெருவுக்கு வந்தார்கள்.

மோட்டோமே என்கிற அந்த இளைஞன் சாக வரவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல், வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லை. இப்படி வயிற்றைக் கிழித்துக்கொள்வேன் என்று மிரட்டியவர்களுக்குச் சில மாளிகைகளில் பணம் கிடைத்தது என்று கேள்விப்பட்டு வந்தான். ஓரிரு நாள் அவகாசம் கொடுங்கள், கட்டாயம் திரும்பி வருகிறேன் என்று கெஞ்சினான். கொடுக்கவில்லை. வாளை விற்றுவிட்டு உறையில் மூங்கில் பட்டையை வைத்திருக்கிறான் என்று தெரிந்த பிறகும், அதைக்கொண்டே கிழித்துக்கொள்ளச் சொன்னார்கள். இதையா சொல் காப்பது என்கிறீர்கள்?

அவன் மாமனார் ஹன்ஷிரோ அழும் இடத்தை மறுபடி பாருங்கள். மாப்பிள்ளை வாளையே விற்றிருக்கிறான், தனக்கு அது தோன்றவே இல்லையே என்று, தான் கட்டிக்காத்த வாளைத் தூக்கி வீசுகிறார். பேரனைப் பறிகொடுத்த அந்த மனிதராக நடித்த டட்சுயா நகடாய்க்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. எனக்கு இன்னும் ஆறாத ஆச்சரியம் அது.

விதி விதிதான் என்றால் எல்லோருக்கும் விதிதானே? மோட்டோமேயைச் சாகடிப்பதில் முன்நின்ற மூவரின் குடுமியை ஹன்ஷிரோ அறுத்துவிடுகிறார். சாமுராய்க்கு அதைவிட மானக்கேடு கிடையாது, உயிரை விடவேண்டும். மூவரும் உடம்பு சரியில்லை என்று சொல்லி, முடி வளரும்வரை வீட்டில் ஒளிந்துகொள்கிறார்கள்.

இயக்குநர் மசாகி கொபயாஷி இரண்டாம் உலகப்போரில் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டு மஞ்சூரியாவுக்கு அனுப்பப்பட்டவர். பதவி உயர்வை மறுத்துக் கடைநிலைச் சிப்பாயாகவே இருந்தார். கட்டளை, கௌரவம் என்ற பேச்செல்லாம் சாமானியனை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று உள்ளேயிருந்து கண்டவர் அவர். அந்தக் கோபம் நியாயமானது.

படம் ஈயி வீட்டுக் குறிப்பேட்டில் தொடங்கி அதிலேயே முடிகிறது. கடைசியில் மாளிகையில் ஹன்ஷிரோவின் கையால் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் நோயில் இறந்தார்கள் என்று அதில் எழுதிவைக்கிறார்கள். நீங்கள் அந்த ஏட்டை நம்பிவிட்டீர்கள்.