டிராஃப்டுக்கு முன் ஆளை எடைபோடுவது எப்படி? ஐஸ் ஹாக்கி கேள்வி பதில்

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் 32 அணிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் நடக்கும் டிராஃப்டில் அவை 7 சுற்றுகளாக இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கின்றன. அதையொட்டி வாசகர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: ஜூனியர் லீகில் 90 புள்ளி எடுத்த பையன் இரண்டாம் சுற்றில் போகிறான். 66 புள்ளி எடுத்தவனை முதல் சுற்றிலேயே தூக்கிவிடுகிறார்கள். வீரர்களைத் தேடி மதிப்பிடும் ஸ்கவுட்டுகள் புள்ளிவிவரத்தைப் பார்ப்பதே இல்லையா?

பார்க்கிறார்கள், ஆனால் பிரித்துப் பார்க்கிறார்கள். ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கைக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) கொடுத்தவர்களில் இரண்டு பேர் வரை அசிஸ்டாக ஆளுக்கு ஒரு புள்ளி. இந்த இரண்டாவது அசிஸ்ட் பல நேரம் சும்மா தள்ளிவிட்ட பாஸுக்குக் கிடைப்பது. எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே உட்கார்ந்திருக்கும் பவர் பிளேயில் வரும் புள்ளியும் அப்படித்தான். முதல் பவர் பிளே வரிசையில், அதாவது ஒன்றாகக் களமிறங்கும் குழுவில், இடம் கிடைத்தாலே கணக்கு ஏறிவிடும்.

உதாரணத்துக்கு உங்கள் இரண்டு பையன்களையே எடுத்துக்கொள்வோம். இருவரும் 68 ஆட்டம் ஆடினார்கள். முதலாமவனின் 90-இல் 38 பவர் பிளேயில் வந்தவை என்று வையுங்கள். மிச்சம் 52. அதில் இரண்டாவது அசிஸ்ட் 18 போனால் 34. அடுத்தவனின் 66-இல் பவர் பிளே 16, மிச்சம் 50. இரண்டாவது அசிஸ்ட் 8 போனால் 42. இரு பக்கமும் ஐந்து ஐந்து பேராக ஆடும்போது சொந்தமாக எதையாவது உருவாக்கியவன் யார் என்பது இப்போது தெரிகிறதல்லவா?

அடுத்தது பிறந்த தேதி. டிராஃப்ட் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்தால்தான் அந்த ஆண்டு டிராஃப்டில் இடம் உண்டு. 2026 டிராஃப்டில் முதன்முறையாகத் தகுதி பெறுபவர்கள் 2007 செப்டம்பர் 16 முதல் 2008 செப்டம்பர் 15 வரை பிறந்தவர்கள். ஒரே பட்டியலில் இருக்கும் இருவருக்கு இடையே கிட்டத்தட்ட ஒரு வயது வித்தியாசம் இருக்கலாம். 17 வயதில் ஒரு வருடம் என்பது உயரம், எடை, கால் பலம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17-இல் பிறந்தவர். இரண்டு நாள் வித்தியாசத்தில் 2015 டிராஃப்டைத் தவறவிட்டு, ஒரு சீசன் சுவிட்சர்லாந்தில் பெரியவர்களோடு ஆடிவிட்டு, 2016-இல் முதல் ஆளாக டொராண்டோவுக்குப் போனார்.

இன்னும் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒன்று, அடித்த ஷாட்டுகளில் எத்தனை சதவீதம் கோலானது என்பது. என்.எச்.எல்.லில் சராசரி 10 சதவீத வாக்கில் இருக்கும். ஒரு பையன் ஒரே சீசனில் 22 சதவீதம் காட்டினால் அடுத்த சீசனில் அது இறங்கும் என்றே கணக்குப் போடுங்கள். இரண்டு, யாரோடு ஆடினான் என்பது. ஏற்கெனவே டிராஃப்ட் ஆன 19 வயது சென்டரின் (நடுவில் ஆடும் தாக்குதல் வீரர்) பக்கவாட்டில் ஆடியவனின் புள்ளிகளை, அந்த சென்டர் காயத்தால் இல்லாத ஆட்டங்களில் தனியாக எண்ணிப் பாருங்கள். ப்ளஸ்-மைனஸ் எண்ணை (அவன் தளத்தில் இருக்கும்போது அணி அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம்) மட்டும் தயவுசெய்து மறந்துவிடுங்கள். அது அணியின் கோலியை, அதாவது கோல் காப்பாளரை, பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

கேள்வி: ஸ்டேண்டில் உட்கார்ந்து பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? என் கண் எப்போதும் பக்கின் பின்னாலேயே ஓடிவிடுகிறது.

எல்லோருக்கும் அப்படித்தான். ஓர் ஆட்டத்தில் ஒரு வீரன் பக்கைக் கையில் வைத்திருப்பது மிகக் கொஞ்ச நேரம்தான். மதிப்பீட்டில் பாதி மற்ற நேரத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு பீரியடுக்கு ஒரே ஆள். அவன் பெஞ்சிலிருந்து இறங்கியதும் பார்வை அவன்மேல், ஏறியதும் குறிப்பேட்டில். முக்கால் நிமிட ஷிஃப்டுக்கு ஒரு வரி போதும்.

டிஃபென்ஸ்மேன் என்றால் ஒரே ஒரு காட்சியை விடாமல் எண்ணுங்கள். எதிரணி பக்கை அவனுக்குப் பின்னால் மூலைக்கு அடித்துவிடுகிறது. அவன் திரும்பி ஓடுகிறான், இரண்டு மூன்று மீட்டர் பின்னால் ஒருவன் துரத்தி வருகிறான். பக்கைத் தொடுவதற்கு முன் அவன் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்த்தான்? ஒரு முறையும் இல்லையென்றால் அது மோசமான அறிகுறி. இரண்டு முறை, அதுவும் இரண்டு தோளுக்கும் மேலாகப் பார்த்தால், தொடுவதற்கு முன்பே அடுத்த பாஸ் எங்கே என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். பிறகு, உடம்பை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டி மறுபக்கம் திரும்பினானா, அல்லது துரத்துபவன் தள்ளிய திசையிலேயே போனானா? கடைசியில் பக் எங்கே போனது? கூட்டாளியின் பிளேடுக்கா, தளத்தைச் சுற்றியுள்ள பலகை ஓரமாகக் கண்மூடி அடித்தானா, எதிரணிக்கேவா? இப்படி 20 முறை சேர்ந்ததும் மூன்று பத்தியாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். அந்த டிஃபென்ஸ்மேனைப் பற்றி எந்தப் புள்ளிக்கணக்கும் இவ்வளவு சொல்லாது.

ஃபார்வர்டு என்றால் வேறு கேள்விகள். பாஸை நின்றுகொண்டு வாங்குகிறானா, ஓடிக்கொண்டே வாங்குகிறானா? கோலுக்கு நேர் எதிரே உள்ள நடுப்பகுதிக்குள் நுழைகிறானா, அல்லது வெளி ஓரமாகவே சுற்றிப் போகிறானா? வேகம் ஒன்றை மட்டும் நம்பி ஓரமாகச் சுற்றுவது ஜூனியரில் பலிக்கும். தொழில்முறை டிஃபென்ஸ்மேன் இடைவெளியைச் சுருக்கி, கோணத்தை அடைத்து, அவனைப் பலகையோடு அமுக்கிவிடுவார். மூன்று பேருக்கு நடுவே பக்கை இழுத்து ஏமாற்றும் வித்தையும் அப்படித்தான், இணையத்தில் பரவும் வீடியோக்களில் பாதி இந்த ரகம். பக்கை இழந்த அடுத்த இரண்டு நொடியில் அவன் கால் நின்றதா, திரும்பியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேட்டிங்கில் நேர்கோட்டு வேகத்தில் மயங்க வேண்டாம். முதல் மூன்று காலடி, நின்று கிளம்புவது, இரு பக்கமும் ஒரே மாதிரி திரும்ப முடிகிறதா என்பது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பது, இவைதான் முக்கியம். முழங்கால் மடங்காமல் நிமிர்ந்து ஓடுபவன் மோதலில் எளிதாகச் சாய்வான். ஆனால் கால் பலம் குறைவால் வரும் மந்தம் பயிற்சியில் தேறக்கூடியது. ஆட்டத்தைப் படிக்கும் புத்தி 18-க்குப் பிறகு பெரிதாக வளர்வதில்லை என்பதே எங்கள் கருத்து. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் புத்தியை எடுங்கள்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. சொந்த அரங்கில் ஆடும் அணிக்குத்தான் கடைசியாக ஆளை மாற்றும் உரிமை. பயிற்சியாளர் நினைத்தால் தன் பையனை எதிரணியின் பலமான வரிசையிடமிருந்து ஒளித்துவைக்கலாம். அதனால் வெளியூர் ஆட்டங்களைக் கட்டாயம் பாருங்கள். இரண்டாவது பீரியடில் அணிகள் பக்கம் மாறுவதால் பெஞ்ச் தங்கள் தற்காப்புப் பகுதியிலிருந்து தள்ளிப் போய்விடும். களைத்தவர்கள் மாற முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். களைப்பில் யார் புத்தியோடு ஆடுகிறார்கள் என்பது அப்போது பளிச்சென்று தெரியும். மூன்று நாளில் மூன்றாவது ஆட்டம் என்றால் மட்டும் கொஞ்சம் தள்ளுபடி கொடுங்கள்.

கேள்வி: உடற்தகுதிச் சோதனையில் கோட்டைவிட்டவர்களை எடுக்கலாமா?

டிராஃப்டுக்கு முன் நடக்கும் கம்பைன் எனும் அந்தச் சோதனை முகாம் 2015 முதல் பஃபலோ நகரில் நடக்கிறது. சைக்கிளில் 30 நொடி முழு மூச்சாக மிதிக்கும் விங்கேட் சோதனை, ஆக்சிஜன் உறிஞ்சும் அளவைப் பார்க்கும் சோதனை, நின்ற இடத்திலிருந்து தாண்டுவது, புல்-அப், பிடி வலிமை என்று வரிசையாக இருக்கும். பனியில் ஒரு சோதனைகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

2014-இல் சாம் பென்னட்டால் ஒரு புல்-அப் கூட எடுக்க முடியவில்லை. அதற்காக நிறையக் கிண்டல் செய்தார்கள். ஆனாலும் கால்கரி அணி அவரை 4-ஆவதாக எடுத்தது, 2025-இல் ஃபுளோரிடாவுக்காக ஆடி, பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மித் கோப்பையை வாங்கினார். எண்ணைவிட எண்ணுக்குக் காரணம் முக்கியம். காயமா, இன்னும் வளராத உடம்பா, சோம்பலா? முதல் இரண்டும் மாறும். அந்த வாரத்தில் அணிகளுக்கு உண்மையில் உபயோகப்படுவது மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும்தான்.

கேள்வி: குள்ளமானவர்களை இன்னும் ஏன் பின்னுக்குத் தள்ளுகிறார்கள்?

பயம்தான். ஆனால் அது முழுக்க அர்த்தமற்ற பயமும் அல்ல. எட்டும் தூரம் குறைந்தால் தற்காப்பில் ஈடுகொடுக்க வேறு ஏதாவது வேண்டும். ஜானி கோட்ரோ 2011-இல் 104-ஆவது, பிரேடன் பாயிண்ட் 2014-இல் 79-ஆவது, லேன் ஹட்சன் 2022-இல் 62-ஆவது. ஹட்சன் 2025-இல் சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் விருதையே வாங்கிவிட்டார். இவர்களுக்குப் பொதுவாக இருப்பது ஒன்று: மோதல் வருமுன்னே அந்த இடத்திலிருந்து நழுவிவிடும் திறமை. ஆகவே சிறிய ஆளைப் பார்க்கும்போது அடியைத் தாங்குகிறானா என்று பார்க்காதீர்கள், அடி விழாமல் பார்த்துக்கொள்கிறானா என்று பாருங்கள். பலகை ஓரம் முதுகைக் காட்டி நின்று அடி வாங்கும் குள்ளன் ஜூனியரிலேயே தடுமாறுவான்.

பெரிய ஆட்களிடம் இதற்கு நேர்மாறான தப்பு நடக்கிறது. 17 வயதில் 6 அடி 4 அங்குலம் இருப்பவன் மற்றப் பையன்களை உடம்பாலேயே நகர்த்திவிடுகிறான். எல்லோரும் வளர்ந்த பிறகு அந்த அனுகூலம் பாதியாகிவிடும்.

கேள்வி: ஸ்வீடனில் ஆடுபவனையும் கனடா ஜூனியரில் ஆடுபவனையும் எப்படி ஒப்பிடுவது?

ஒரே தராசில் வைக்க முடியாது. என்.எச்.எல்.லின் சென்ட்ரல் ஸ்கவுட்டிங் பிரிவே வட அமெரிக்க ஆட்டக்காரர்கள், அங்குள்ள கோலிகள், பிற நாட்டு ஆட்டக்காரர்கள், அவர்களின் கோலிகள் என்று நான்கு தனிப் பட்டியல்களைத்தான் வெளியிடுகிறது. ஒரு லீகிலிருந்து என்.எச்.எல்.லுக்குப் போனவர்கள் அங்கே எவ்வளவு புள்ளி எடுத்தார்கள் என்று பார்த்து ஒரு பெருக்கெண் கண்டுபிடிக்கும் முறை உண்டு. நல்ல தொடக்கம்தான், ஆனால் அது பெரியவர்கள் லீகில் ஆடும் பையனைத் தவறாகக் காட்டும். ஸ்வீடனின் எஸ்.எச்.எல்.லில் நான்காவது வரிசையில் எட்டு நிமிடம் ஆடுபவனுக்குப் புள்ளி எங்கே வரும்? அவன் விஷயத்தில் பயிற்சியாளரின் நம்பிக்கையை அளவிடுங்கள். ஒரு கோல் முன்னிலையில் கடைசி ஐந்து நிமிடம் அவனை இறக்குகிறாரா?

பனித்தளமும் வேறு. என்.எச்.எல். தளத்தின் அகலம் 85 அடி, சுமார் 26 மீட்டர். ஐரோப்பாவின் பழைய தளங்கள் 30 மீட்டர். அகலத் தளத்தில் ஓரத்தில் கிடைத்த அந்தக் கூடுதல் நொடியை நம்பி ஆடியவனுக்கு இங்கே மூச்சு முட்டும்.

சிறிய லீக் என்பதற்காக மட்டும் ஒருவனை ஒதுக்கவும் வேண்டாம். கேல் மக்கார் ஆல்பர்ட்டா ஜூனியர் லீகிலிருந்து 2017-இல் 4-ஆவதாகப் போனவர். அந்த லீக் முதல் அடுக்கு அல்ல. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘நன்றாக ஆடுகிறானா’ என்பதல்ல, ‘இவனுக்கு இந்த லீக் போதவில்லை என்று தெரிகிறதா’ என்பது.

இன்னொன்று: 2025 ஆகஸ்ட் முதல் கனடா ஜூனியர் வீரர்களும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஆடலாம் என்று விதி மாறிவிட்டது. லீகுகளுக்கு இடையே ஆட்கள் நகர்வதால், பழைய பெருக்கெண்களைச் சந்தேகத்தோடுதான் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி: உலக ஜூனியர் போட்டியில் கலக்கியவன்மேல் பந்தயம் கட்டலாமா?

அது 20 வயதுக்கு உட்பட்டோருக்கான போட்டி. அதிகபட்சம் ஏழு ஆட்டம். 17 வயதில் அங்கே இடம் கிடைத்ததே நல்ல செய்தி. நான்கு கோல் அடித்தான் என்பது அந்த அளவுக்குப் பெரிய செய்தியில்லை.

கேள்வி: கோலிகளை முதல் சுற்றில் எடுப்பது வீண் என்கிறார்களே?

வீண் இல்லை, விலை அதிகம். கோலிகள் தாமதமாகத்தான் முதிர்கிறார்கள். 2000 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனவர் கோலி ரிக் டிப்பியெட்ரோ. அதே டிராஃப்டில் 205-ஆவதாகப் போனவர் ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட். கானர் ஹெல்லபக் 2012-இல் 130-ஆவது. இன்று அவரிடம் சிறந்த கோலிக்கான வெசினா கோப்பைகள் மூன்று.

ஒரு கோலியின் தடுப்புச் சதவீதத்தை வேறு அணி கோலியோடு ஒப்பிடாதீர்கள், அதே அணியின் இன்னொரு கோலியோடு ஒப்பிடுங்கள், தற்காப்பின் பங்கு ஓரளவு கழிந்துவிடும். நேரில் பார்க்கும்போது பாய்ந்து விழுந்து தடுப்பதை ரசிக்கலாம், மதிப்பெண் போட வேண்டாம். ஷாட் வருமுன் அவன் கால் நிலைகொண்டுவிட்டதா, முன்னே ஆள் மறைத்தால் தலையை எந்தப் பக்கம் நீட்டிப் பார்க்கிறான், தடுத்த பக் எங்கே தெறிக்கிறது என்பதற்குப் போடுங்கள். அமைதியாக இருப்பவன் பெரும்பாலும் சரியான இடத்தில் இருப்பவன்.

கேள்வி: நான் 1 முதல் 100 வரை பட்டியல் போடுகிறேன். வாரா வாரம் மாறிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்ய?

எண்ணை விட்டுவிட்டு குழுவாகப் பிரியுங்கள். முதல் வரிசை ஆட்டக்காரனாக வரக்கூடியவர்கள் ஒரு குழு, நடுவரிசைக்கு உறுதியானவர்கள் இன்னொன்று, பலித்தால் ஜாக்பாட் பலிக்காவிட்டால் பூஜ்யம் என்பவர்கள் மூன்றாவது. ஒரே குழுவில் 9-க்கும் 14-க்கும் சண்டை போடுவது நேர விரயம். அணிகளுக்கும் இது உதவும். உங்கள் முறை வரும்போது அந்தக் குழுவில் ஆறு பேர் மிச்சமிருந்தால், நான்கு இடம் பின்னால் போய் அதற்கு ஈடாக ஒரு கூடுதல் தேர்வை வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘இவன் தோற்றால் எதனால் தோற்பான்’ என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் அவனை இன்னும் போதிய அளவு பார்க்கவில்லை.

கேள்வி: யாரும் எடுக்காவிட்டால் அவ்வளவுதானா?

இல்லை. வட அமெரிக்கப் பையன் 20 வயது வரை மறுபடி டிராஃப்டில் நிற்கலாம். டேனர் பியர்சனை இரண்டு முறை எல்லோரும் கடந்துபோனார்கள். மூன்றாவது முறை, 2012-இல், லாஸ் ஏஞ்சலிஸ் அவரை முதல் சுற்றின் 30-ஆவது இடத்தில் எடுத்தது. 2014-இல் அந்த அணியோடு ஸ்டான்லி கோப்பையும் வென்றார். மார்ட்டின் செயின்ட் லூயிஸை எந்த டிராஃப்டிலும் யாரும் எடுக்கவில்லை. 2004-இல் லீகின் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை அவருக்குத்தான்.

மறுபடி நிற்பவனை மதிப்பிடும்போது புள்ளி கூடியதற்குக் காரணத்தைத் தேடுங்கள். ஒரு வயது கூடிவிட்டது, மூத்தவர்கள் போய்விட்டதால் பவர் பிளேயில் இடமும் கிடைத்துவிட்டது என்றால் அது வளர்ச்சி அல்ல. போன வருடம் செய்ய முடியாத ஏதாவது ஒன்றை, நெருக்கடியில் நடுப்பகுதிக்குப் பாஸ் கொடுப்பது மாதிரி ஒன்றை, இந்த வருடம் செய்கிறான் என்றால் ஐந்தாவது சுற்றில் தாராளமாக எடுக்கலாம்.