புயல் நிதி என் ஜிபே-யில் வந்து சேர்ந்துவிட்டது, இனி என்ன செய்வது?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். புயலில் அடிபட்ட வேதாரண்யம் பக்கத்து ஊர்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவில் என் ஜிபே எண்ணைப் போட்டேன். ஒரே வாரத்தில் 92 பேர் சேர்ந்து 1,46,500 ரூபாய் அனுப்பிவிட்டார்கள். ரொக்கமாக வந்த 38,000 வீட்டில் இருக்கிறது. இப்போது சிலர் வரிச்சலுகைக்கு ரசீது கேட்கிறார்கள். இந்தப் பணத்துக்கு நானே வரி கட்ட வேண்டிவரும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் ஆயிரம் டாலர் அனுப்பட்டுமா என்கிறான். ஏன்தான் இதில் இறங்கினோமோ என்று இருக்கிறது. (ஒரு வாசகி, மதுரை)

பதில்: இறங்கியது நல்ல காரியம்தான். உங்கள் எண்ணைக் கொடுத்ததுதான் பிசகு. அதைச் சரிசெய்துவிடலாம்.

பயமுறுத்தியவர் சொன்னதில் பாதி உண்மை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் சும்மா வந்தால், அந்த முழுத் தொகையும் வருமானமாகச் சேரும். உங்களுக்கு வந்தது அன்பளிப்பு இல்லை. இன்னொருவருக்குக் கொடுப்பதற்காக உங்கள் கையில் தந்த பணம். ஆனால் வங்கி அறிக்கையைப் பார்க்கிற அதிகாரிக்கு அது தெரியாது. கேட்டால் காட்டக் காகிதம் வேண்டும். உங்கள் சங்கம் பதிவு செய்யப்பட்டதாக இருந்து, அதன் பெயரில் வங்கிக் கணக்கும் இருந்தால் இன்றே மொத்தத்தையும் அங்கே மாற்றுங்கள். ரொக்கத்தையும் அங்கேயே கட்டுங்கள். அந்தக் கணக்கில் காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும். குழுவிலும் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு, சங்கக் கணக்கின் எண்ணையும் வசூல் முடியும் தேதியையும் போடுங்கள். தேதி சொல்லாத வசூல் தை மாதம் வரை இழுக்கும்.

கணக்கு எழுதுவதற்கு நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் மொய் மேசையைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுவார், இன்னொருவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் ஏற்றுவார். இப்போது கம்ப்யூட்டர் வைத்துத் துண்டுச்சீட்டே அடித்துத் தருகிறார்கள். 200 ரூபாய் மொய்க்குச் சீட்டு தருகிற ஊரில் புயல் நிதியை மட்டும் மனக்கணக்கில் ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? எண்ணுபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். 92 பெயரையும் தொகையையும் எழுதி, பக்கத்தைப் படம் எடுத்து அதே குழுவில் போட்டுவிடுங்கள். விட்டுப்போனவர் தானே வந்து சொல்லிவிடுவார். பெயர் வேண்டாம் என்பவரை ‘நலம் விரும்பி’ என்று எழுதலாம், தொகையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து ரசீது. வரிச்சலுகைக்கான ரசீதை உங்கள் சங்கத்தால் தர முடியாது. சங்கம் பதிவாகியிருப்பது வேறு, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை கிடைப்பதற்கான அனுமதி (80ஜி என்று சொல்வார்கள்) பெற்றிருப்பது வேறு. வசூலித்ததை மொத்தமாக முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குக் கட்டினாலும் ரசீது சங்கத்தின் பெயரில்தான் வரும். 92 பேருக்கும் பிரித்து வராது. ஆகவே ரசீது வேண்டும் என்பவருக்கு அவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நேரடியாக அவரையே கட்டச் சொல்லுங்கள். முதலமைச்சர் நிதிக்குக் கொடுத்தால் தொகை முழுவதற்கும் கழிவு உண்டு, அதாவது வரி போடும் வருமானத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ளலாம். 80ஜி உள்ள தனியார் அறக்கட்டளை என்றால் பெரும்பாலும் பாதிக்குத்தான், அதற்கும் வருமானத்தில் பத்து சதவீதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. 20 சதவீத வரி வரம்பில் இருப்பவர் 10,000 ரூபாய் கொடுத்தால், முதல் வழியில் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 2,080 மிச்சம், இரண்டாவது வழியில் 1,040. அறக்கட்டளைக்குக் கொடுப்பவர் வருமான வரிக்கான நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் ரசீது போதாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கழிவு கிடையாது. அரிசி, போர்வை என்று பொருளாகக் கொடுத்ததற்கும் கிடையாது.

இவ்வளவும் வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு. புதிய முறையில் 80ஜி கழிவே இல்லை. இப்போது தானாக அமலாவது புதிய முறைதான் என்பதால், ரசீது கேட்டவர்களிடம் ‘நீங்கள் எந்த முறை?’ என்று முதலில் கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

சித்தப்பா மகன் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்? இந்தியப் பாஸ்போர்ட் என்றால், சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், அவர் நன்கொடையாகத் தரும் ஒரு டாலரும் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்துக்குள் வந்துவிடும். அந்தச் சட்டத்தில் பதிவு பெறாத உங்கள் சங்கம் அதைத் தொடக் கூடாது. ‘அக்காவுக்குக் கைச்செலவுக்கு’ என்று அனுப்பி அதை நிதியில் போடுகிற குறுக்கு வழியும் வேண்டாம். அந்தச் சட்டத்தில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு, வெளிநாட்டுப் பணத்துக்கென்று அதற்கு உள்ள டெல்லி ஸ்டேட் வங்கிக் கணக்கில், அவரே நேராக அனுப்பட்டும்.

சரி, பணத்தை என்ன செய்வது? நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாங்கள் நண்பர்கள் சிலர் மதுரையிலிருந்து ஒரு லாரி பிடித்தோம். 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம். லாரியில் பாதிக்கு மேல் பழைய துணி. போய்ப் பார்த்தால் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இறக்கிய துணி சாலையோரம் நனைந்து கிடந்தது. ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டது தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும். இரண்டுமே எங்களிடம் இல்லை. லாரி வாடகைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு தெருவுக்கே தார்ப்பாய் வாங்கியிருக்கலாம் என்று திரும்பி வரும்போதுதான் கணக்குப் போட்டோம்.

முதல் பத்து நாளில் சோறு, தண்ணீர், தார்ப்பாய்க்கு அரசும் ஊர் ஊராக இளைஞர்களும் வந்துவிடுகிறார்கள். மூன்றாவது மாதம் யாரும் வருவதில்லை. கஜாவில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் லட்சக்கணக்கில் தென்னை சாய்ந்தது. நெட்டைத் தென்னை நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை அந்தக் குடும்பம் எதை வைத்துப் பிழைக்கும்? அதனால் உங்களிடம் உள்ள 1,84,500-ல் மூன்றில் ஒரு பங்கை இப்போது செலவழியுங்கள், அதுவும் முடிந்த அளவு அந்தப் பக்கத்துக் கடைகளிலேயே வாங்கி. புயலில் நஷ்டப்பட்ட கடைக்காரருக்கும் வியாபாரம் ஆகும், லாரி வாடகையும் மிச்சம். மீதியைச் சங்கக் கணக்கில் வைத்து, பொங்கல் கழிந்து ஒரே ஓர் ஊருக்குப் போங்கள். கிழிந்த வலையோ, தையல் மெஷினோ, இரண்டு ஆடோ, பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ, எது தேவை என்று அவர்களே சொல்லட்டும். நான்கைந்து குடும்பத்துக்கு உருப்படியாகச் செய்யலாம்.

இதை இப்போதே குழுவில் எழுதிச் சம்மதம் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மார்கழியில் ‘பணம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறதா?’ என்று ஒருவர் ஆரம்பிப்பார். சம்மதிக்காதவருக்கு அவர் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், விவாதம் வேண்டாம்.

போக்குவரத்துச் செலவு, வங்கிக் கட்டணம் எல்லாம் இந்தப் பணத்திலேயே போகட்டும், பில்லோடு. ஃப்ளெக்ஸ் பேனருக்கு மட்டும் ஒரு பைசா எடுக்காதீர்கள். நம் ஊரில் அதைக் கேட்க ஒருவர் கட்டாயம் வருவார். படம் வேண்டுமென்றால் அவர் கைக்காசில் அடித்துக்கொள்ளட்டும்.