ஏஜென்ட் ஆரஞ்சு: நிரூபிக்கச் சொல்வது யாரை? (கேள்வி பதில்)

வியட்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் தெளித்த களைக்கொல்லி பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். வேதியியல் பாடம் நடத்துவது என் தொழில், நச்சுப்பொருள் வழக்குகளின் தீர்ப்புகளைத் தேடிப் படிப்பது என் கிறுக்கு. மருத்துவர் இல்லை என்பதால் "எனக்கு இந்த அறிகுறி இருக்கு" வகைக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

டீச்சர், அது ஆரஞ்சு நிறத்தில் இருக்குமா? எவ்வளவு தெளித்தார்கள்? (பிளஸ் டூ மாணவர்)

ஆரஞ்சு, பீப்பாயைச் சுற்றி அடித்திருந்த பட்டையின் நிறம். வெள்ளை, நீலம், ஊதா, பச்சை, இளஞ்சிவப்புப் பட்டைகளும் உண்டு. நீலப் பட்டை போட்டதில் ஆர்சனிக் சேர்மம் இருந்தது. நெற்பயிரைக் கருக்க அதைத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். காட்டில் எதிரிக்கு மறைவிடம் இல்லாமல் செய்வது ஒரு நோக்கம், அவனுக்குச் சோறு கிடைக்காமல் செய்வது இன்னொன்று. கீழே இருக்கும் வயல் யாருடையது என்று வானத்திலிருந்து எப்படித் தெரியும்?

முதல் சோதனைத் தெளிப்பு 1961 ஆகஸ்ட் 10. 'ராஞ்ச் ஹேண்ட்' என்ற பெயரில் 1962 முதல் 1971 வரை 7 கோடி லிட்டருக்கும் அதிகமாகத் தெளித்தார்கள். அதில் பாதிக்கு மேல் ஏஜென்ட் ஆரஞ்சு. ஒரு விமானத்தின் தொட்டியில் சுமார் 3,800 லிட்டர் பிடிக்கும், நான்கு நிமிடத்தில் காலியாகிவிடும். பறந்த தடங்களின் பதிவேடுகளை வைத்து 2003-இல் வெளியான ஆய்வு, குறைந்தது 3,181 கிராமங்கள் மீது மருந்து நேரடியாக விழுந்தது, அங்கே 21 லட்சம் முதல் 48 லட்சம் பேர் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிட்டது.

நாங்கள் நெல்லில் அகன்ற இலைக் களைக்கு 2,4-டி அடிக்கிறோம். ஏஜென்ட் ஆரஞ்சிலும் அதுதான் இருந்தது என்கிறார்களே, பயப்பட வேண்டுமா மேடம்? (தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயி)

நல்ல கேள்வி ஐயா. ஏஜென்ட் ஆரஞ்சு என்பது இரண்டு மருந்துகளின் சரிபாதிக் கலவை. ஒன்று நீங்கள் சொல்லும் 2,4-டி. மற்றது 2,4,5-டி. வினை எல்லாம் அந்த ஐந்து உள்ளதில்தான். அதைத் தயாரிக்கும்போது கொதிகலனில் சூடு மிஞ்சினால் டிசிடிடி என்ற டையாக்சின் வகை நஞ்சு தானாகவே உருவாகும். யாரும் வேண்டுமென்று சேர்ப்பதில்லை, கசடாகத் தங்கிவிடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-இல் சேர்த்தது அதைத்தான். உங்கள் 2,4-டியில் அந்தச் சிக்கல் இல்லை. அதற்காக வெறுங்கையோடு, முகம் மூடாமல், காற்றுக்கு எதிரே நின்று அடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை.

ஐம்பது வருஷம் ஆச்சே, மழையில் அடித்துக்கொண்டு போயிருக்காதா?

டையாக்சின் தண்ணீரில் கரையாது. இலை மேலும் மேல்மண்ணிலும் கிடப்பதை வெயில் சிதைத்துவிடும். குளத்துச் சேற்றிலும் மண்ணுக்கு அடியிலும் போய் உட்கார்ந்தது பல பத்தாண்டுகள் அப்படியே இருக்கும். சேற்றைக் கிளறித் தின்னும் மீன், வாத்து, அவற்றின் கொழுப்பு, பிறகு மனிதர். நம் உடம்பில் நுழைந்த அளவு பாதியாகக் குறையவே ஏழு முதல் பதினோரு வருஷம் ஆகும். பெண்ணின் உடம்பிலிருந்து அது வெளியேற ஒரு வழி தாய்ப்பால். தலைச்சன் பிள்ளைக்குத்தான் அதிகம் போகிறது.

தெளித்த காடுகளைவிட மோசமான இடங்கள், பீப்பாய்களை அடுக்கி விமானத்தில் ஏற்றிய தளங்கள்: பியென் ஹோவா, டா நாங், ஃபூ காட். அங்கே சிந்தியதும் கசிந்ததும் கழுவி விட்டதும் பக்கத்து ஏரிகளில் போய்ச் சேர்ந்தன.

கம்பெனிகளுக்குத் தெரியாமல் நடந்ததா?

1949-இல் மேற்கு வர்ஜீனியாவின் நைட்ரோ ஊரில் மான்சாண்டோ ஆலையில் 2,4,5-டி தயாரிப்பின்போது விபத்து நடந்தது. தொழிலாளர்களுக்கு உடம்பெல்லாம் குளோரக்னே எனும் கொப்புளங்கள் வந்தன. 1965 மார்ச்சில், மான்சாண்டோ போலவே இந்த மருந்தைத் தயாரித்த டவ் நிறுவனம் போட்டி நிறுவனங்களைத் தன் இடத்துக்கே அழைத்து இந்தக் கசடின் ஆபத்தைப் பேசியது. ராஞ்ச் ஹேண்ட் அதற்கப்புறமும் ஆறு வருஷம் பறந்தது. கர்ப்பமாக இருக்கும் எலிகளுக்கு 2,4,5-டி கொடுத்தால் ஊனத்தோடு குட்டி பிறக்கிறது என்ற ஆய்வு முடிவு வெளியே வந்த பிறகு, 1970-இல்தான் ஏஜென்ட் ஆரஞ்சை நிறுத்தினார்கள். தெரியாமல் நடந்தது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

நான் செவிலியர். ஊனத்தோடு பிறந்த குழந்தைகளின் படங்களைப் பார்த்திருக்கிறேன். அது இந்த மருந்தால்தான் என்று உண்மையிலேயே நிரூபணம் ஆகியிருக்கிறதா அக்கா?

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. பெரியவர்களுக்கு வரும் நோய்களில் சந்தேகம் குறைவு. சில லிம்போமாக்கள் (நிணநீர்ப் புற்று), மென்திசுப் புற்று, குளோரக்னே இவற்றுக்கெல்லாம் சான்று வலுவானது. பிறவிக் குறைபாட்டில் விலங்குச் சோதனைகள் தெளிவாகப் பேசுகின்றன, எலிக்குட்டிகளுக்கு அண்ணம் பிளந்திருக்கும், சிறுநீரகம் கெட்டிருக்கும். மனிதரில் கண்டறிவது கடினம். யார் உடம்பில் எவ்வளவு டையாக்சின் என்று அளப்பது செலவு பிடிக்கும் வேலை, போர்க்காலத்தில் எந்தப் பிரசவத்துக்குப் பதிவேடு இருக்கும்? பட்டினியும் மலேரியாவும் வேறு சேர்ந்திருந்தன. அதனால் வியட்நாம் மருத்துவர்கள் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது, வெளியே உள்ள ஆய்வாளர்கள் பலர் "போதிய சான்று இல்லை" என்கிறார்கள்.

சரி, இதே ஐயத்தை அமெரிக்கா தன் சிப்பாய்கள் விஷயத்தில் எப்படிக் கையாண்டது? 1991-இல் ஒரு சட்டம் போட்டார்கள். போர்க்காலத்தில் வியட்நாம் மண்ணில் கால் வைத்திருந்தால் போதும், பட்டியலில் உள்ள நோய் வந்தால் ஏஜென்ட் ஆரஞ்சால் வந்தது என்றே வைத்துக்கொள்ளப்படும். எந்த நாள், எந்தக் காடு, எத்தனை சொட்டு என்று யாரும் கேட்பதில்லை. சர்க்கரை நோய், பார்க்கின்சன், புரோஸ்டேட் புற்று எல்லாம் பட்டியலில் சேர்ந்தன. 2022-இல் ரத்தக் கொதிப்பும் சேர்ந்தது. அவர்களுக்கு முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கும் உதவித்தொகை உண்டு. இது நியாயமான சட்டம், குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அதே மருந்து தலையில் விழுந்த கிராமத்துப் பெண்ணிடம் மட்டும் ஆய்வுக்கூட நிரூபணம் கேட்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான்.

சட்டம் படிக்கிறேன். வழக்குகள் ஏன் வரிசையாகத் தோற்றன என்று சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சுருக்கமாக முடியாதும்மா.

முதலில் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள். நியூயார்க்கில் ஜாக் வைன்ஸ்டீன் என்ற நீதிபதி முன் 1984 மே மாதம், விசாரணை தொடங்க இருந்த நேரத்தில், மருந்தைத் தயாரித்த ஏழு நிறுவனங்கள் 18 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பங்கு பிரித்தபோது ஒருவருக்குச் சராசரியாகக் கிடைத்தது 3,800 டாலர் போல.

அடுத்து 2004-இல் வியட்நாம் பாதிக்கப்பட்டோர் சங்கம் அதே நகரில் வழக்குப் போட்டது. வந்து வாய்த்தவரும் அதே வைன்ஸ்டீன். 2005 மார்ச்சில் 233 பக்கத் தீர்ப்பு எழுதித் தள்ளுபடி செய்தார். செடியைக் கொல்லத் தெளித்ததை, மனிதரைக் கொல்லும் நஞ்சு என்று அன்றைய சர்வதேசச் சட்டம் தடை செய்திருக்கவில்லை என்பது அவர் வாதத்தின் மையம். 2008-இல் மேல்முறையீடு தோற்றது. 2009-இல் உச்ச நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொள்ளவே இல்லை. 1969-இலேயே ஐ.நா. பொதுச்சபை, தாவரத்துக்கு நஞ்சாகும் வேதிப்பொருளைப் போரில் பயன்படுத்துவதும், வேதி ஆயுதங்களைத் தடை செய்யும் ஜெனீவா நெறிமுறைக்கு விரோதம் என்று தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் பொதுச்சபைத் தீர்மானம் நாடுகளைக் கட்டுப்படுத்தாது. வழக்கு நழுவிய இடங்களில் இதுவும் ஒன்று.

தென் கொரியாவிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அந்தப் போருக்குப் போனார்கள். 2006-இல் சோல் உயர் நீதிமன்றம் டவ், மான்சாண்டோ இரண்டும் 6,800 பேருக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. பெரிய வெற்றி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை 39 பேராகச் சுருக்கியது. குளோரக்னே வந்தவர்கள் மட்டும். மற்ற நோய்கள் வேறு காரணங்களாலும் வருமாம்.

பிரான்சில் நடப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திரான் தோ ங்கா 1942-இல் பிறந்தவர், போர்க்காலத்தில் நிருபர். 1966-இல் கூ சி அருகே அவர் மேல் மருந்து விழுந்தது. முதல் மகள் இதயக் கோளாறோடு பிறந்து 17 மாதத்தில் இறந்துபோனாள். பிற்பாடு பிரெஞ்சுக் குடியுரிமையும் பெற்ற அவர், 2014-இல் பாரிஸ் அருகே எவ்ரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். "நாங்கள் அரசு சொன்னதைச் செய்தோம், அரசை வேற்றுநாட்டு நீதிமன்றம் விசாரிக்க முடியாது, எனவே எங்களையும் முடியாது" என்பது நிறுவனங்களின் வாதம். அவர் தரப்பு சொன்ன பதில்: யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, நீங்களாகவே டெண்டர் போட்டு வாங்கிய ஆர்டர் அது. 2021 மே 10 தீர்ப்பு நிறுவனங்கள் பக்கம். 2024 ஆகஸ்ட் 22-இல் மேல்முறையீடும் அப்படியே. அடுத்து உச்ச நீதிமன்றத்துக்குப் போவோம் என்றார்கள் அவருடைய வழக்கறிஞர்கள்.

மருந்து தீங்கு செய்ததா என்ற கேள்விக்குள்ளேயே பிரெஞ்சு நீதிமன்றங்கள் போகவில்லை. வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "நிரூபிக்க முடியாமல் தோற்றார்" என்று செய்தி எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அமெரிக்காதான் இப்போது கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்தம் செய்கிறதே, பிறகு என்ன குறை?

செய்கிறார்கள், மறுக்கவில்லை. டா நாங் விமான நிலையத்தில் சுமார் 90,000 கன மீட்டர் மண்ணையும் சேற்றையும் பெரிய கான்கிரீட் அறைக்குள் குவித்து, 335 டிகிரிக்குச் சூடாக்கி டையாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். 2012-இல் தொடங்கி 2018-இல் முடிந்தது. பியென் ஹோவாவில் இருப்பது அதைப்போல ஐந்து மடங்கு. 2025 தொடக்கத்தில் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது அங்கே வேலை சில வாரம் நின்றே போனது, தோண்டிய மண் வெளியில் கிடக்க.

ஊனமுற்றோருக்கும் பணம் வருகிறது. ஆனால் ஊனத்துக்குக் காரணம் எதுவானாலும் தருகிறோம் என்ற வாசகத்தோடு வந்த பணம். கடனை ஒப்புக்கொள்ளாமல் தர்மம் போடுவது என்று நான் சொல்வேன்.

நாங்கள் மலேசியாக்காரர்கள். மலாயாவில் பிரிட்டிஷ்காரர்களும் இப்படித் தெளித்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா?

உண்மை. 1950-களின் தொடக்கத்தில், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில், சாலையோரப் புதர்களை அழிக்கவும் காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களின் பயிரை அழிக்கவும் 2,4,5-டி கலந்த மருந்தைத் தெளித்தார்கள். வியட்நாமோடு ஒப்பிட்டால் அளவு மிகச் சிறியது. ஆனால் 1961 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க், அதிபர் கென்னடிக்கு எழுதிய குறிப்பில் மலாயாவை முன்னுதாரணமாகக் காட்டினார். பிரிட்டிஷ்காரர்கள் ஏற்கெனவே செய்ததுதான், சட்டவிரோதம் இல்லை என்று.

அடுத்த மாதம் குடும்பத்தோடு வியட்நாம் டூர் போகிறோம். மீன் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆபத்து பழைய விமானத் தளங்களை ஒட்டிய சில ஏரி குளங்களின் மீனிலும் வாத்திலும்தான். ஹோ சி மின் நகரில் போர் எச்சங்கள் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஏஜென்ட் ஆரஞ்சுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்கள் என்றால் முதலில் பெரியவர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், படங்கள் கடுமையானவை. பாதிக்கப்பட்டவர்களை எங்கே சந்தித்தாலும், அனுமதி கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம்.