கொக்குவிலில் பழைய ஓட்டு வீடு, 98 லட்சம்: வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணை. நான் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை, இவர் தனியார் நிறுவனம் ஒன்றில் 11 வருடமாக வேலை செய்கிறார். இரண்டு பேருக்குமாக மாதம் 195,000 ரூபா கைக்கு வருகிறது. இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இப்போது வாடகை வீடு. யாழ்ப்பாணம் கொக்குவிலில் 2 பரப்புக் காணியோடு ஒரு பழைய வீடு வந்திருக்கிறது, 98 லட்சம் சொல்கிறார்கள். வீட்டுக்காரி கனடாவில், அவருக்குத் தாய் சீதனமாக எழுதிய வீடு. அவருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் வைத்திருக்கும் உறவினர்தான் விற்கிறார். எங்களிடம் வங்கியில் 48 லட்சம், இவருடைய ஊழியர் சேமலாப நிதியில் 14 லட்சம் அளவில் இருக்கிறது. மேசன் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு 15 லட்சத்துக்குள் திருத்தலாம் என்றார். மிச்சத்துக்கு வங்கிக் கடன் எடுத்து, காணாவிட்டால் என் நகையை அடகு வைக்கலாம் என்று யோசிக்கிறேன். தரகர் இந்தக் கிழமைக்குள் 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, அந்த 5 லட்சத்தை இப்போது கொடுக்காதீர்கள். வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை. கொக்குவிலில் 2 பரப்பு, ஓட்டு வீடு, உங்கள் வயது, நிரந்தர வேலை, எல்லாம் பார்த்தால் வாங்க ஆசைப்படுவது நியாயம்தான். ஆனால் 98 லட்சத்துக்கு வாங்கினால் உங்களால் வாங்க மட்டும்தான் முடியும், திருத்த முடியாது.

கணக்கைப் பாருங்கள். முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம், அதாவது 98 லட்சத்துக்கு 391,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், நில அளவை, வங்கியின் மதிப்பீட்டுச் செலவு, தரகர் காசு எல்லாவற்றுக்கும் இன்னொரு 2 லட்சம் வையுங்கள். ஆக வீட்டுத் திறப்பு உங்கள் கைக்கு வரும்போது 104 லட்சம் போயிருக்கும். உங்களிடம் இருப்பது 48. சேமலாப நிதியில் 10 வருடம் பங்களித்து, 3 லட்சத்துக்கு மேல் மீதி வைத்திருப்பவர் வீட்டுத் தேவைக்காக 30 வீதம்வரை எடுக்கலாம், ஆகக்கூடியது 20 லட்சம். உங்கள் கணவருக்கு அது 4 லட்சம் அளவில் வரும். இந்த 52இல் 6 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்குங்கள். சின்னப் பிள்ளை இருக்கிற வீடு, கையில் காசே இல்லாமல் கடனுக்குள் இறங்கக் கூடாது. மிச்சம் 46.

இனிக் கடன். 60 லட்சத்துக்கு மேல் வேண்டாம். 12 வீத வட்டி, 15 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 72,000 கட்ட வேண்டும், இதுவே உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டுகிறது. பெரும்பாலும் முதல் சில வருடங்களுக்குத்தான் வட்டி நிலையாக இருக்கும், பிறகு சந்தை வட்டியோடு ஏறி இறங்கும். 16 வீதமானால் அதே கடனுக்கு 88,000. 2022 கடைசியில் வங்கிகள் தங்களுடைய மிக நல்ல வாடிக்கையாளருக்கே 27 வீதம் அளவில் கடன் கொடுத்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அதனால் 'இனி ஏறாது' என்று யார் சொன்னாலும் காதில் போடாதீர்கள். வங்கிக்குப் போக முதல் இன்னொன்று: நீங்கள் நிரந்தர அரச ஊழியர், அரச ஊழியருக்கென்று சலுகை வட்டியில் ஆதனக் கடன் திட்டம் இருக்கிறது, அதில் உங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அதில் கிடைப்பதைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு மட்டும் சாதாரணக் கடன் எடுத்தால் மாதக் கட்டணம் நன்றாகவே குறையும்.

ஆக 46உம் 60உம் 106 லட்சம். 104 போனால் மிச்சம் இரண்டு. அந்த இரண்டில் கூரை ஓடு மாற்றக்கூட வராது. இந்த இடத்தில்தான் உங்களுக்கு நகை ஞாபகம் வருகிறது. அடகு வேண்டாம். 15 வருடக் கடனுக்கு மேல் ஒரு வருடத்தில் மீட்க வேண்டிய கடனையும் ஏற்றினால், வருடா வருடம் வட்டியைக் கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருப்பீர்கள், கடைசியில் நகையும் போய்விடும். உண்மையிலேயே போடாத நகை இருந்தால் விற்றுவிடுங்கள், அது சுத்தம். ஆனால் அதற்கு முதல் விலையைக் குறைக்கப் பாருங்கள். 86 லட்சத்துக்கு முடிந்தால் வரியும் செலவும் சேர்த்து 91 லட்சத்துச் சொச்சம், கையில் 14 லட்சத்துக்கு மேல் நிற்கும், அவசரமான திருத்தத்துக்கு அது காணும். 86க்கு மேல் போகாதீர்கள். இறங்கி வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு வீடு வரும்.

அட்வான்ஸ் ஏன் வேண்டாம் என்கிறேன்? 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. காணி விற்கும் உடன்படிக்கை நொத்தாரிசுக்கு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் செல்லாது. தரகர் கொப்பித் தாளில் எழுதித் தரும் துண்டை வைத்துக்கொண்டு 'வீட்டை எனக்கே எழுதித் தா' என்று எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது.

முதலில் உறுதியின் (காணிப் பத்திரத்தின்) பிரதியை வாங்கி, விற்பவருடைய சட்டத்தரணியிடம் இல்லாமல் நீங்கள் தேடிப் பிடிக்கும் சட்டத்தரணியிடம் கொடுங்கள், காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது தேடிப் பார்க்கட்டும். அவரிடம் சில விஷயங்களைக் குறிப்பாகக் கேளுங்கள். தாய் சீதனம் எழுதும்போது தனக்குச் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டாரா? வைத்திருந்து அவர் உயிரோடு இருந்தால், அவரும் கையெழுத்து வைக்காமல் வீடு உங்களுக்கு முழுதாக வராது. தேசவழமையின் (யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டத்தின்) கீழ் வரும் மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதென்றாலும் கணவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், ஆகவே வீட்டுக்காரி மட்டும் கொடுத்த அற்றோணித் தத்துவம் போதாது, கணவருடைய சம்மதமும் கனடாவிலிருந்து வர வேண்டும். உறுதியில் 'பிரிபடாத பங்கு' என்று எங்கேயாவது இருந்தால் 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருக்கிறது, அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்காமல் எழுதினால் பிறகு வழக்கு வரும். அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்தால் அதுவும் அன்றோடு முடிந்தது, அதனால் கையெழுத்து நாளன்று வீட்டுக்காரியோடு வீடியோவில் நேரே கதையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. கிணறு பங்குக் கிணறா, ஒழுங்கை உறுதியில் பாதையாக எழுதியிருக்கிறதா என்பதையும் நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டுபோய் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, வீடு. மேசன் சுற்றிப் பார்த்துச் சொன்ன 15 லட்சத்தை நான் நம்பமாட்டேன், ஏனென்றால் அவர் கூரையில் ஏறவில்லை. ஒரு ஓடாவியை (தச்சரை) கூட்டிக்கொண்டு போங்கள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் நாலு ஓட்டைக் கழற்றச் சொல்லி, ஓட்டைத் தாங்கும் சலாகை மரம் சுவரில் குந்தியிருக்கும் அந்த முனையில் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள், கறையான் பிடிப்பதும் மழைத்தண்ணீர் தேங்குவதும் அங்கேதான். வைரம் பாய்ந்த கறுத்தப் பனஞ்சலாகை என்றால் குத்து இறங்காது, அது உங்கள் பேரப்பிள்ளை காலம்வரைக்கும் நிற்கும், கழற்றவே கூடாது. பொலபொலவென்று உதிர்ந்தால் கூரை முழுவதும் புதிதாகப் போட வேண்டும், அது தனிக் கணக்கு. இந்த ஒரு மணித்தியாலப் பரிசோதனைதான் விலை பேசும்போது உங்களுடைய பலம்.

கிணற்றுத் தண்ணீரை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கொடுத்துப் பரிசோதியுங்கள். எங்கள் சுண்ணக்கல் நிலத்தில் மலசலகூடக் குழியில் இருப்பதும் தோட்டத்து உரமும் நிலத்தடி நீருக்கு இறங்கிவிடும், நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கக் கூடாது. குழி கிணற்றுக்கு 50 அடிக்குள் இருந்தால் குழியை மாற்றும் செலவையும் சேருங்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உவர் பூத்திருக்கும், அதைச் சீமெந்தால் பூசி மூடச் சொல்வார்கள், செய்யாதீர்கள், பழைய சுண்ணாம்புச் சுவருக்குள் ஈரம் அடைபட்டு இன்னும் மேலே ஏறும்.

கையில் நிற்கும் 14 லட்சத்தில் முதலில் கூரை, பிறகு வயறிங் முழுவதும் புதிது, ட்ரிப் சுவிட்சோடு, பிறகு குழியும் பாத்ரூமும். அவ்வளவு முடிந்ததும் குடிபோகலாம், வாடகை மிச்சம். குசினி, நிலத்துக்கு ரைல்ஸ், கேற், வெளிச்சுவர்ப் பெயின்ற் எல்லாம் இரண்டாம், மூன்றாம் வருடத்தில் சம்பளத்தில் செய்யுங்கள். பழைய சீமெந்து நிலம் வெடிக்காமல் இருந்தால் அப்படியே விடுங்கள், வெயில் காலத்தில் அதன் குளிர்ச்சி ரைல்ஸில் வராது. மேசனோடு எழுதிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், பொருள் நீங்கள் வாங்குவதா அவர் வாங்குவதா என்பது உட்பட, கடைசிப் பத்து வீதத்தை ஒரு மழை பார்த்த பிறகு கொடுப்பதாக முதலே சொல்லிவிடுங்கள்.

உறுதியை இரண்டு பேர் பெயரிலும் எழுதுங்கள், கடனையும் இரண்டு பேருமாகத்தானே கட்டப் போகிறீர்கள். தரகருக்கு நாளைக்கே சொல்லுங்கள்: உறுதிப் பிரதியும் அற்றோணித் தத்துவத்தின் பிரதியும் தந்தால் சட்டத்தரணியிடம் காட்டுகிறோம், அவர் சரி என்றால் நொத்தாரிசுக்கு முன்னால் எழுதி அட்வான்ஸ் தருகிறோம் என்று. பிரதி தரத் தயங்கினால் அந்த வீட்டை மறந்துவிடுங்கள்.