பங்குனிச் சருகும் ஐப்பசி நாற்றமும்: ஊர்ச் சூழல் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருமுனையில் ஈரக் குப்பையை உரமாக்கும் நகராட்சியின் நுண் உர மையம் இருக்கிறது. கோடையில் தொல்லை இல்லை. ஐப்பசி பிறந்தால் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. மையத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாமா?
- குடியிருப்போர் சங்கச் செயலாளர், டெல்டா பகுதி

பதில்: கொடுக்கலாம். மாற்றிய இடத்திலும் இதே நாற்றம்தான் அடிக்கும். முதலில் அது என்ன வாடை என்று பாருங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் குவியலுக்குள் காற்று போகவில்லை, ஈரம் மிஞ்சிவிட்டது. மூக்கில் சுள்ளென்று ஏறும் அம்மோனியா வாடை என்றால் கறி, மீன் கழிவு அதிகம், சருகு குறைவு. ஞாயிற்றுக்கிழமை கறி சமைத்த கழிவு திங்கட்கிழமை வண்டியில்தான் வரும். அதனால் செவ்வாய், புதனில் வாடை கூடும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே: காய்ந்த சருகு அல்லது தென்னை நார்க்கழிவு. மூன்று கூடை ஈரக் குப்பைக்கு ஒரு கூடை சருகு என்பது தொடக்கக் கணக்கு. மழைக்காலத்தில் அதைக் கூட்ட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரலாம். ஒழுகினால் ஈரம் அதிகம், கை நனையவே இல்லை என்றால் குறைவு. குவியல் 3 அடிக்குக் கீழே போனால் உள்ளே சூடு தங்காது. 5 அடிக்கு மேலே போனால் அடியில் காற்று நுழையாது. நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது (55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வேண்டும்). வெதுவெதுப்பு மட்டும்தான் என்றால் குப்பை மக்கவில்லை, அழுகிக்கொண்டிருக்கிறது.

வாரம் ஒரு முறை புரட்ட வேண்டும். சிக்கல் இங்கேதான் முற்றும். காற்றில்லாமல் கிடந்த குவியலைப் புரட்டினால் முதல் இரண்டு நாள் நாற்றம் இன்னும் மோசமாகும். தெருக்காரர்கள் சத்தம் போடுவார்கள், பணியாளர் புரட்டுவதையே விட்டுவிடுவார், அடுத்த வாரம் இரட்டிப்பு நாற்றம். புரட்டிய கையோடு மேலே நான்கு விரற்கடை உயரத்துக்குப் பழைய உரத்தையோ சருகையோ போர்த்தினால் வாடை பெரும்பாலும் அடங்கும். தொட்டியின் அடிவாய்க்காலில் வடியும் கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல், சூடாக இருக்கும் புதுக் குவியல் மேல் தெளிக்கச் சொல்லுங்கள்.

ஆகவே மனுவில் 'மாற்றுங்கள்' என்று எழுதாதீர்கள். கூரை ஒழுகுகிறதா, சருகு இருப்பு எத்தனை மூட்டை, கடைசியாகப் புரட்டிய தேதி என்ன என்று மூன்றே கேள்வி எழுதித் துப்புரவு ஆய்வாளரிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால் முதல்வரின் முகவரித் துறை உதவி எண் 1100 இருக்கிறது.

கேள்வி: எங்கள் தெருவில் மாசி, பங்குனியில் வேம்பும் புங்கையும் கொட்டித் தீர்க்கின்றன. கூட்டிக் கொளுத்துவது தவறா? சாம்பல் செடிக்கு நல்லதுதானே?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தவறுதான். தெருவிலோ வீட்டு வாசலிலோ குப்பை எரிப்பதைத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தடை செய்கின்றன. சருகோடு சேர்ந்து பால் கவரும் பிஸ்கட் தாளும் எரிவதால் அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடவும் கூடாது. மேலே டெல்டா வாசகரின் மையத்தில் ஐப்பசியில் கிடைக்காமல் போவது இந்தச் சருகுதான். பங்குனியில் கொளுத்திவிட்டு மழையில் தேடினால் எங்கே கிடைக்கும்? நன்றாகக் காய்ந்ததும் பழைய சாக்கில் மிதித்து அடைத்து, தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்குங்கள். பச்சையாக அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.

கேள்வி: சிறிய கல்யாண மண்டபம் நடத்துகிறேன். முகூர்த்த நாள் குப்பையை முழுதாக எடுக்க முடியாது, நீங்களே உரமாக்குங்கள் என்கிறார்கள். கட்டாயமா?
- மண்டப உரிமையாளர், கொங்குப் பகுதி

பதில்: சராசரியாக நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் போனால் நீங்கள் மொத்தக் குப்பை உருவாக்குபவர், அதாவது ஈரக் குப்பையை முடிந்தவரை தன் இடத்திலேயே உரமாக்க வேண்டியவர். இது 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே வந்துவிட்டது. அனுமானம் வேண்டாம், இரண்டு மூன்று முகூர்த்தங்களில் எடை போட்டுப் பாருங்கள்.

வாழை இலை மக்கும், ஆனால் நடு நரம்பு லேசில் மக்காது. முழு இலையாக அடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டித் தகடாகிவிடும், தண்ணீரும் இறங்காது, காற்றும் போகாது. அரைச்சாண் துண்டுகளாக வெட்டுங்கள். இலையில் மிஞ்சிய சோறு, குழம்பைத் தனி வாளியில் வழித்தெடுத்த பிறகே தொட்டிக்குப் போக வேண்டும். பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் டம்ளரும் மக்காது. மேசை விரிப்புப் பிளாஸ்டிக் தாள் உட்பட இவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் உள்ளவை. சமையல் ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் வாங்கும்போதே இதைச் சொல்லிவிடுவது நல்லது. பந்தி முடிந்து சொல்லிப் பயனில்லை. 100 கிலோ ஈரக் குப்பைக்குச் சலித்த உரம் 15 முதல் 20 கிலோ கிடைக்கும். அதில் லாபக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: செப்டிக் டேங்க் நிறைந்து வழிந்தால்தானே லாரியைக் கூப்பிட வேண்டும்? எடுத்த கசடு எங்கே போகிறது?
- வாசகர், கடலோரச் சிறுநகரம்

பதில்: வழியும் வரை காத்திருந்தால் கசடு ஏற்கெனவே சாக்கடைக்கோ உறிஞ்சு குழிக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுப்பதே முறை. நீளக் கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடி வரை இறக்கிப் பாருங்கள். கறுப்புப் படிவு தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரி கூப்பிடலாம். எண் 14420. அடியில் இரண்டு விரற்கடை கசடு மிஞ்சட்டும், அடுத்த சுற்றுக்கு நுண்ணுயிர் அதிலிருந்துதான் பெருகும். எக்காரணம் கொண்டும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம், உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளை வீழ்த்தும்.

கசடு போக வேண்டிய இடம் சுத்திகரிப்பு நிலையம். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிப் பேரூராட்சியில் 2017 முதல் இயங்கும் நிலையத்துக்குப் பக்கத்து மதுராந்தகத்தின் கசடும் வருகிறது. உங்கள் லாரி எங்கே கொட்டுகிறது என்று தெரிய, பணம் கொடுக்கும் முன் நகராட்சி உரிமத்தையும், கொட்டியதற்கான ரசீது கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். 'ரசீதெல்லாம் எதுக்கு சார்' என்றால் கசடு ஓடைக்குத்தான் போகும்.

கடலோரம் என்பதால் இன்னொன்று. கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும்போது ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்கை முழுதாகக் காலி செய்தால் அது மிதந்து மேலெழும்பிக் குழாய்களை உடைத்துவிடும். சித்திரை, வைகாசியில் எடுங்கள்.