சமைக்கிறவருக்கும் லீவுதானே?

கோடை பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் பாதி சாப்பாட்டைப் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இடம் இல்லை, கையில் சிக்கியவற்றை எடுத்துக்கொண்டேன். சிலவற்றுக்கு நீட்டி முழக்கியிருக்கிறேன், சிலவற்றுக்கு நாலே வரி. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: போன வருஷம் ஒன்பது பேராக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து நான்கு நாள் தங்கினோம். எல்லோரும் தண்ணீரில் ஆட்டம் போட்டார்கள், நான் அடுப்படியில் நின்றேன். "செம ட்ரிப்" என்று இன்னும் சொல்கிறார்கள், எனக்கு இடுப்பு வலிதான் மிச்சம். இந்த வருஷமாவது லேசான மெனு ஒன்று சொல்லுங்களேன்.

மெனு அப்புறம். முதலில் கணக்கு. 9 பேர், 4 நாள், 3 வேளை, ஆக 108 தட்டுச் சாப்பாடு. இதை ஒருத்தரே போட்டால் அதற்குப் பெயர் லீவு இல்லை, வேலை இடமாற்றம்.

ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் அடுப்பு. இதை வீட்டிலேயே, கிளம்புவதற்கு முன்பே எல்லோர் காதிலும் போட்டுவிடுங்கள். காலையில் ரொட்டி, வேகவைத்த முட்டை, தயிர், பழம் எல்லாம் மேசையில் இருக்கும், எழுந்திருக்கிறவர் எழுந்திருக்கிற நேரத்தில் எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ள வேண்டியது, யாரும் யாரையும் எழுப்பிப் பரிமாற வேண்டாம். இன்னொரு வேளைக்கு வேகவைத்த உருளைக்கிழங்கு, கொண்டைக்கடலை, வெள்ளரி, தக்காளி, வெங்காயம், எலுமிச்சை, உப்பு, மிளகுத்தூள் என்று தனித்தனிக் கிண்ணங்களில் வைத்துவிட்டால் அவரவர் தட்டை அவரவர் கட்டிக்கொள்வார்கள். வெங்காயம் பிடிக்காதவர் வெங்காயத்தைப் பொறுக்கி ஓரம் தள்ளுகிற வேலையும் மிச்சம்.

மிச்சமுள்ள அந்த ஒரு வேளைக்கு நாளுக்கு இரண்டு பேர் என்று பெயர் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். உங்கள் பெயர் ஒரே ஒரு நாள்தான் வர வேண்டும். கஷ்டமான இடம் இனிமேல்தான்: மற்ற நாட்களில் நீங்கள் அடுப்படிக்குள் நுழையக் கூடாது. உப்பு குறைந்தால் குறையட்டும், எட்டிப் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை பையன்கள் இரண்டு பேர் முறை வந்தது. உருளைக்கிழங்கைத் தோல் சீவு சீவென்று சீவி, முடிக்கும்போது ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது, தோலோடு போன கிழங்கை அள்ளினால் இன்னொரு குடும்பம் சாப்பிட்டிருக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அன்றைக்குப் பாத்திரம் வழித்துக் காலி ஆனது. தான் செய்ததைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்?

இன்னும் மூன்று சின்ன விஷயம். போய்ச் சேர்கிற முதல் ராத்திரிக்கு வீட்டிலிருந்தே ஏதாவது செய்து எடுத்துப் போங்கள், இறங்கியதும் கடை தேடி அலைவதில்தான் முதல் சண்டை ஆரம்பிக்கும். அப்புறம், சொந்தக் கத்தி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டுக் கத்திகள் தக்காளியை நறுக்காது, நசுக்கும். முட்டையைக் கிளம்புவதற்கு முதல் நாளே வேகவைத்துவிடலாம், ஓடு உரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

கேள்வி: காரில் போகும்போது ஐஸ் பெட்டி நிறைய ஐஸ் போடுகிறேன், சாயங்காலத்துக்குள் எல்லாம் தண்ணீராகிவிடுகிறது. பெட்டி சரியில்லையா?

பெட்டி மேல் பழி போடுவதற்கு முன் உள்ளே என்ன வைத்தீர்கள் என்று யோசியுங்கள். 1 கிலோ ஐஸ் முழுக்க உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் சூடும், 80 டிகிரி வெந்நீர் 1 கிலோவை 0 டிகிரிக்குக் கொண்டுவர எடுக்க வேண்டிய சூடும் ஏறக்குறைய ஒன்றுதான். அவ்வளவு பெரிய சொத்து அது. அதை வெதுவெதுவென்று இருக்கிற ஜூஸ் பாட்டிலைக் குளிர வைப்பதில் செலவழித்தால் மதியமே கஜானா காலி. உள்ளே போகிற ஒவ்வொன்றும் முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் குளிர்ந்திருக்க வேண்டும்.

அடுத்தது, சின்னச் சின்னக் கட்டிகளாகப் போடாதீர்கள், பெரிய கட்டி மெதுவாகத்தான் உருகும். குடிநீர் பாட்டில்களையே ஃப்ரீசரில் உறைய வைத்து அடுக்கிவிட்டால் உருகினாலும் குடிக்கலாம், சாப்பாடும் நனையாது. ஆனால் பாட்டிலை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும், பாட்டில் பிளந்துவிடும். முடிந்தால் குடிக்கிறதுக்கு ஒரு பெட்டி, சாப்பாட்டுக்கு ஒரு பெட்டி என்று பிரியுங்கள், ஏனென்றால் குழந்தைகள் குடிக்கிற பெட்டியைப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திறப்பார்கள். பெட்டியை டிக்கியில் வைக்காமல் ஆள் உட்காரும் இடத்தில், ஏசி படுகிற மாதிரி வையுங்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு முறை பெட்டியை டிக்கியில் வைத்து மேலே துணிப்பைகளை அடுக்கினேன். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு செருப்பு வார் மாட்டியிருந்தது தெரியாது. ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தால் முட்டை சாண்ட்விச் வாசனை ஆளைத் தள்ளியது. பன்னிரண்டையும் அப்படியே குப்பையில் போட்டுவிட்டு பிஸ்கட் தின்றோம்.

போட்டது சரிதான். 5 டிகிரிக்கு மேலே 60 டிகிரிக்குக் கீழே இருக்கிற சமைத்த சாப்பாட்டில் கிருமி வேகமாகப் பெருகும். வெளியே வைத்தால் 2 மணி நேரம்தான் கெடு, வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரே மணி நேரம். கெட்டது எல்லாமே நாறும் என்று நினைக்காதீர்கள், பல நேரம் வாசனை, ருசி எதுவும் மாறியிருக்காது.

கேள்வி: மிஞ்சின சோற்றை மறுநாள் நன்றாகச் சூடு பண்ணிவிட்டால் போதும்தானே?

போதாது. அரிசியில் இருக்கிற ஒரு வகை பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்து ஒரு நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. ஆகவே காப்பாற்றுகிற வேலை முதல் நாளே நடக்க வேண்டும். மிஞ்சும் என்று தெரிந்ததும் அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிடுங்கள். பானையோடு மூடி வைத்தால் நடுவில் இருக்கிற சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். அடுத்த நாள் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள், இரண்டாம் தரம் வேண்டாம்.

கேள்வி: எலுமிச்சை ஜூஸை மொத்தமாகப் போட்டு வைத்தால் சாயங்காலம் கசக்கிறது. சர்க்கரை கூடப் போட்டாலும் பிரயோஜனம் இல்லை. என்ன செய்யலாம்?

கசப்பு தோலுக்கு அடியில் இருக்கிற வெள்ளைச் சதையிலிருந்தும் விதையிலிருந்தும் வருவது. பழத்தைப் பிழிந்த கையோடு இன்னும் ஒரு சொட்டு வராதா என்று திருகுகிறோமே, அங்கேதான் வினை. பிழிந்ததும் வடிகட்டி விதையை எடுத்துவிடுங்கள், அழகுக்கு என்று வட்ட வட்டமாக நறுக்கி ஜக்கில் மிதக்க விடாதீர்கள், குடிக்கும் நேரத்தில் டம்ளரில் போட்டால் போதும். சாறு பிழிந்தபின் நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறுவது அதன் குணம், அதனால் சர்க்கரைப் பாகை மட்டும் முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு (சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு, கரைகிற வரை சூடு, அவ்வளவுதான்) பழத்தை அவ்வப்போது பிழிவது உத்தமம். பாகு ஃபிரிட்ஜில் இருந்தால் லீவு முடிகிற வரை வரும், வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நிமிஷத்தில் ஜூஸ்.

வாசனை வேண்டும் என்றால் பிழிவதற்கு முன் வெளித்தோலின் நிறமுள்ள பகுதியை மட்டும் மெல்லிசாகச் சீவி, சர்க்கரையோடு பிசறி அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். தோலில் இருக்கிற எண்ணெயைச் சர்க்கரை இழுத்து ஈர மணல் மாதிரி ஆகிவிடும். அதில் பாகு காய்ச்சினால் அந்த அறையே மணக்கும்.

ஐஸ் போட்டதும் இனிப்பு குறைந்த மாதிரி இருக்கிறதல்லவா, அது பிரமை இல்லை. நாக்கு குளிர்ந்தால் இனிப்பை அவ்வளவாகச் சொல்லாது. உருகிப்போன ஐஸ்கிரீமை ஒரு வாய் குடித்துப் பாருங்கள், திகட்டும்.

கேள்வி: அடுப்பே பற்ற வைக்காமல் பெரியவர்கள் குடிக்க ஏதாவது?

1 லிட்டர் குளிர்ந்த நீரில் 4 அல்லது 5 டீ பேக் போட்டு மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் பேக்கை எடுத்துவிட்டு ஒரு கொத்துப் புதினா போட்டால் தீர்ந்தது. வெந்நீர் இழுக்கிற அளவுக்குக் கசப்பையும் துவர்ப்பையும் குளிர்ந்த நீர் இழுக்காது, அதனால் சர்க்கரை இல்லாமலே பலருக்குப் பிடிக்கிறது. ஜாடியை வெயிலில் வைத்து டீ இறக்குகிற வழக்கமும் உண்டு, அது வேண்டாம். வெயில் சூடு கிருமியைக் கொல்லாது, வளர்க்கும்.

கேள்வி: என் மாமனாருக்குச் சூடாக ஒன்று இல்லையென்றால் அது சாப்பாடே இல்லை. நீங்கள் சொல்கிற சாலட் கணக்கெல்லாம் எங்கள் வீட்டில் எடுபடாது.

அவர் சொல்வதில் தப்பில்லை. ஆறின தட்டையே மூன்று வேளையும் பார்த்தால் எனக்கும் அழுகை வரும். எல்லாமே சூடாக இருக்க வேண்டியதில்லை, ஒன்று சூடாக இருந்தால் போதும்: ஒரு கிண்ணம் சூப், அல்லது அப்போது பொரித்த முட்டை. அதை அவரையே செய்யச் சொன்னால் என்ன? "தாத்தா, நீங்கள் பொரித்தால்தான் பிள்ளைகள் சாப்பிடுவார்களாம்" என்று பேரப்பிள்ளையை விட்டுச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் நேரில் சொன்னால் காரியம் கெடும்.

கேள்வி: சின்னவன் வெயிலில் ஆடிவிட்டுத் தண்ணீரே குடிக்க மாட்டேன் என்கிறான்.

தின்னக் கொடுங்கள். தர்ப்பூசணியில் 100க்கு 92 பங்கு தண்ணீர், வெள்ளரியில் 95. வெள்ளரியைக் குச்சி குச்சியாக நறுக்கி உப்புத் தூவி டப்பாவில் போட்டு விளையாடும் இடத்திலேயே வையுங்கள், கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம், வந்து எடுப்பான். திராட்சை கொடுத்தால் 5 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளுக்கு நீளவாக்கில் நறுக்கித்தான் கொடுக்க வேண்டும், முழுசாகப் போனால் தொண்டையில் அடைக்கும்.

வாந்தி, பேதி என்று வந்துவிட்டால் பழச்சாறும் சோடாவும் மருந்தாகாது. கடையில் கிடைக்கும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் கைவசம் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டின 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டின அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு மட்டும் தவறவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: நான் ஆறாவது படிக்கிறேன். ஜூஸை ஃப்ரீசரில் வைத்துக் குச்சி ஐஸ் செய்தேன். கல்லு மாதிரி இருக்கு, இனிப்பே இல்லை. ஏன்?

நல்ல கேள்வி தம்பி. (தங்கையாக இருந்தால் மன்னித்துக்கொள்.) இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான், சர்க்கரை போதவில்லை. தண்ணீர் உறையும்போது சர்க்கரையைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது, ஓரமாகத் தள்ளும். அந்தத் திக்கான பாகு உறையாமல் ஐஸ் துகள்களுக்கு நடுவே நிற்பதால்தான் கடித்தால் நொறுங்குகிறது. குடிக்கும்போது "ஐயோ, கொஞ்சம் ஜாஸ்தி" என்று தோன்றுகிற அளவுக்கு இனிப்பு போட்டு உறைய வை, பழக்கூழும் கலந்தால் இன்னும் மெத்தென்று வரும். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்தை வில்லைகளாக உறைய வைத்து மிக்சியில் அரைத்தால் பால் இல்லாமலே ஐஸ்கிரீம் மாதிரி வரும், மிக்சியைப் பெரியவர்கள் யாராவது ஓட்டட்டும். குச்சி ஐஸே உன் வயசுப் பையன் ஒருவன் தற்செயலாகச் செய்தது என்று ஒரு கதை உண்டு. 1905இல் பிராங்க் எப்பர்சன் என்ற 11 வயதுப் பையன் கலக்குகிற குச்சியோடு ஜூஸ் டம்ளரை ராத்திரி வாசலில் விட்டுவிட்டானாம், குளிரில் காலையில் உறைந்து கிடந்ததாம். 1924இல் அவரே அதற்குக் காப்புரிமை வாங்கினார். நீயும் எதையாவது மறந்து வைத்தால் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பார்.

கேள்வி: விருந்தாளி வாசலில். பாட்டில் சூடாக இருக்கிறது. பத்து பதினைந்து நிமிஷத்தில் குளிர வைக்க முடியுமா?

பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், இரண்டு கைப்பிடி உப்பு. பாட்டிலை முக்கி அவ்வப்போது சுழற்றுங்கள். உப்பு சேர்ந்ததும் தண்ணீர் 0 டிகிரிக்கும் கீழே போகும், காற்றைவிடத் தண்ணீர் பாட்டிலோடு நன்றாக ஒட்டிச் சூட்டை வாங்கும், ஆகவே ஃப்ரீசர் தோற்கும். சோடா பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து மறந்த ஒருவர் வீட்டில் நான் துடைப்பமும் கையுமாக உதவியிருக்கிறேன். வேண்டாம்.

கேள்வி: எல்லாம் சரி, பாத்திரம் யார் கழுவுவது?

அன்றைக்குச் சமைக்காதவர்கள். டம்ளரில் மட்டும் சிக்கனம் வேண்டும், தாகம் எடுக்கும்போதெல்லாம் ஆளுக்குப் புது டம்ளர் எடுத்தால் சாயங்காலம் தொட்டியில் முப்பது கிடக்கும். ஆளுக்கு ஒன்று, அடையாளத்துக்கு ஒவ்வொரு நிறத்தில் ரப்பர் பேண்ட். தொலைத்தவர் கையை ஏந்திக் குடிக்கட்டும்.