பெயிண்ட் அடிக்க வளையலை அடகு வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு 750 சதுர அடி. தை மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் ஹாலுக்கும் இரண்டு படுக்கையறைகளுக்கும் மட்டும் பெயிண்ட் அடிக்க நினைக்கிறோம். ஹால் 16க்கு 12 அடி, அறைகள் 12க்கு 11, 11க்கு 10. உயரம் 10 அடி. ஹாலின் நீளச் சுவர் ஒன்று இப்போது மெரூன் நிறத்தில் இருக்கிறது. பெயிண்டர் வந்து பார்த்துவிட்டு, 750-ஐ மூன்றரையால் பெருக்கி 2,625 சதுர அடி என்றார். சுவருக்குக் கலர் எமல்ஷன் பெயிண்ட் 20 லிட்டர், லிட்டர் 350 ரூபாய். சீலிங்குக்கு வெள்ளை 10 லிட்டர், லிட்டர் 200. சுவரைச் சமப்படுத்தும் பட்டி, பெயிண்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் இரண்டுக்கும் 9,500. கூலி சதுர அடிக்கு 12 ரூபாய். மொத்தம் 50,000 ஆகிறது. கையில் 35,000தான் இருக்கிறது. மீதிக்கு வளையலை அடகு வைக்கலாமா? பெயிண்ட் பில்லை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியுமா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: அடகுக் கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். உங்கள் கணக்கில் இடிப்பது வட்டி அல்ல, அந்த 2,625தான்.

பெயிண்டர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. தரைப் பரப்பை மூன்றரையால் பெருக்குவது தொழிலில் இருக்கும் குத்துமதிப்புதான். ஆனால் அவர் பெருக்கியது முழு வீட்டை. சமையலறை, டைல்ஸ் ஒட்டிய குளியலறை, சுவரின் கனம் எல்லாமே அந்த 750க்குள் வந்துவிடும். நீங்கள் அடிக்கப்போவதோ மூன்று அறைகள்.

சுவர்க் கணக்கு எளிது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, இரண்டால் பெருக்கி, அதை உயரத்தால் பெருக்கினால் போதும். ஹாலுக்கு 560, அறைகளுக்கு 460, 420. ஆக 1,440 சதுர அடி. கதவு ஒன்றுக்கு 21, நடுத்தர ஜன்னலுக்கு 16 என்று கழிக்க வேண்டும். சுவரோடு கட்டிய அலமாரி இருந்தால் அதையும். எல்லாம் சேர்த்து 230 கழியும் என்று வைத்துக்கொள்கிறேன், உங்கள் வீட்டில் எண்ணிப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். மிச்சம் சுமார் 1,210. சீலிங் என்பது தரையின் அளவேதான்: 192, 132, 110, மொத்தம் 434.

ஏற்கெனவே பெயிண்ட் அடித்த வழவழப்பான சுவரில் லிட்டருக்கு, இரண்டு கோட்டும் (இரண்டு முறை அடிப்பதும்) சேர்த்து, 120 சதுர அடி என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். டின்னில் இதைவிட அதிகமாகவே போட்டிருப்பார்கள், அது ஒரு சொட்டு சிந்தாத சுவருக்கான கணக்கு. அப்படிப் பார்த்தால் உங்கள் சுவர்களுக்கு 10 லிட்டர். மெரூன் சுவரை வெளிர் நிறம் இரண்டு கோட்டில் மறைக்காது, மூன்றாவது கேட்கும். அந்த 160 சதுர அடிக்கு முக்கால் லிட்டர். ரோலர் குடிப்பது, சிந்துவது என்று பத்து சதவீதம் கூட்டினால் 12 லிட்டரில் முடிந்துவிடும். சீலிங்குக்கு 4 லிட்டர் வெள்ளை. அவர் சொன்ன 30 எங்கே, இந்த 16 எங்கே!

ஆனால் பெயிண்டில் மிச்சமாவது 4,000 ரூபாய்தான். 20 லிட்டர் பக்கெட்டைவிடச் சின்ன டின்னில் லிட்டர் விலை கொஞ்சம் கூடும், அதில் சில நூறு போய்விடும். பெரிய ஓட்டை கூலியில் இருக்கிறது. அதே 2,625-ஐ வைத்துத்தானே 31,500 கேட்கிறார்? கதவு ஜன்னலைக் கூலியில் கழிக்கப் பெயிண்டர்கள் ஒப்புவதில்லை. ஓரம் பிடித்து அடிப்பது மெனக்கெட்ட வேலை என்பார்கள், அது நியாயம்தான், விட்டுக்கொடுங்கள். அப்படியும் 1,440உடன் 434 சேர்த்து 1,874 சதுர அடி, கூலி 22,488 ரூபாய். ஒன்பதாயிரம் குறைகிறது.

பட்டியும் பிரைமரும் கதவு ஜன்னல் கழித்த 1,644 சதுர அடிக்கு (1,210உடன் 434) மட்டும்தான் வேண்டும், அந்த விகிதத்தில் இறங்கினால் 6,000க்குள் வரும். சுவர் முழுக்கப் பட்டி தேவையா என்றும் கேளுங்கள். உதிர்ந்த இடம், விரிசல், ஆணி ஓட்டை இவற்றை மட்டும் அடைத்தால் போதும் என்றால் இன்னும் குறையும். அப்போது 12 ரூபாய் ரேட்டையும் பேசிக் குறைக்கலாம். முழுப் பட்டி போட்டுத் தேய்ப்பதையும் சேர்த்துத்தான் அந்த ரேட்டைச் சொல்லியிருப்பார். ஆனால் சுவரில் ஈரக்கசிவு இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், முதலில் கசிவை நிறுத்துங்கள். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட் மழைக்காலம் முடிவதற்குள் உப்பிக்கொண்டு வரும்.

இப்போது கூட்டுங்கள். பெயிண்ட் 5,000 சொச்சம், கூலி 22,488, பட்டியும் பிரைமரும் 6,000. 34,000க்குள் அடங்குகிறது. அடகுக்கு வேலையே இல்லை. 15,000க்கு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 150தான், அது பெரிதில்லை. நிச்சயதார்த்தம், அடுத்துக் கல்யாணம் என்று செலவு வரிசை கட்டி நிற்கும்போது அடகு வைத்ததை மீட்கக் கை வராது, எனக்கு அதுதான் கவலை.

வாங்குவதில் ஒரு விஷயம். கடையில் மெஷினில் கலர் கலந்த டின்னைப் பொதுவாகத் திரும்ப எடுக்கமாட்டார்கள். அதனால் முதலில் 10 லிட்டர் ஒன்றும் 1 லிட்டர் ஒன்றும் மட்டும் எடுங்கள். ஷேட் எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கடைசி லிட்டரைத் தேவையைப் பார்த்து வாங்கி, ஒரே சுவரை மூலையிலிருந்து மூலை வரை அதிலேயே முடிக்கச் சொல்லுங்கள், நடுச்சுவரில் சேர்த்தால் சாயல் வித்தியாசம் தெரியும். அப்புறம், சில டின்களில் பெயிண்டருக்கென்று பரிசு டோக்கன் இருக்கும். டின் கூடினால் டோக்கனும் கூடும். டோக்கனை அவரே எடுத்துக்கொள்ளலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், அளவுப் பேச்சு சுமுகமாக முடியும்.

வரி விஷயம்: நீங்களே குடியிருக்கும் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்த செலவைக் கழிக்க முடியாது. வாடகைக்கு விட்ட வீடானாலும் பில்லைக் காட்டித் தனியாகக் கேட்க முடியாது. வாடகையில் வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் தானாகவே கழியும், பெயிண்ட், ரிப்பேர் எல்லாம் அதற்குள் அடக்கம்.